வந்தியத்தேவன் திண்டிவனம் வழியாகப் போனானா?

பொன்னியின் செல்வன் படித்தவர்கள் இரண்டு வகை. படித்து முடித்துப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் ஒரு வகை. மூடிய பிறகுதான் கேள்வி கேட்கவே ஆரம்பித்தவர்கள் இன்னொரு வகை. நந்தினி யாருடைய மகள்? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? மணிமேகலை இருந்திருந்தால் வந்தியத்தேவன் என்ன செய்திருப்பான்? இந்த இரண்டாவது வகை புதிதாக வந்ததல்ல. கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை தொடர் ஓடி முடிந்தபோதே, கதை சட்டென்று நின்றுவிட்டதே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். அதற்காகக் கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1954 டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். அதன் பிறகு பதில் சொல்ல ஆளில்லை. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. 2022இலும் 2023இலும் மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்தபோது ஒரு புதுத் தலைமுறை அதே கேள்விகளோடு வந்து சேர்ந்தது.

இவற்றில் யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆட்கள்தான் அதைக் கேட்க வேண்டும். வந்தியத்தேவன் எந்த வழியாக வந்தான்?

கதை ஆரம்பிக்கும்போது ஆடிப்பெருக்கு. வந்தியத்தேவன் குதிரை மேல் வீராணம் ஏரிக் கரையில் இருக்கிறான். புறப்பட்டது காஞ்சியில். இரண்டுக்கும் நடுவில் இன்றைய சாலைக் கணக்கில் 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரே குதிரையில், அதைச் சாகடிக்காமல் வந்தால் குறைந்தது மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாள் கதையில் இல்லை. அதாவது திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம், பெண்ணையாறு எல்லாம் முதல் அத்தியாயத்துக்கு முன்னாலேயே தாண்டிப் போய்விட்டன. பாவம், இந்த ஊர்களின் தலையெழுத்தே அப்படித்தான். ஒன்று ட்ரெயின் மாறும் ஜங்ஷன், இன்னொன்று பஸ் டீ குடிக்க நிற்கும் இடம். பைபாஸ் வந்த பிறகு அதுவும் இல்லை.

ஆனால் வழியைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. நான்காம் பாகம் தொடங்குவது கெடில நதிக் கரையில். காஞ்சியிலிருந்து கடம்பூருக்குப் போகிற ஆதித்த கரிகாலனை அங்கேதான் தாத்தா மலையமான் சந்தித்து, போகாதே என்று தடுக்கிறார். கெடிலத்தின் மேல் கரையிலிருந்து வடக்கே கோடு போட்டால் பெண்ணையாறு, விழுப்புரம், திண்டிவனம் என்றுதான் போகும். இளவரசர் வந்த வழியில்தான் அவருடைய தூதனும் வந்திருப்பான்.

ஆற்றை எப்படிக் கடந்தான் என்று அடுத்த கேள்வி வரும். ஆடி மாதம், காவிரியில் புது வெள்ளம், வீராணம் கடல் போலத் ததும்புகிறது என்றால் பெண்ணையில் என்ன ஆயிருப்பான்? ஒன்றும் ஆகியிருக்க மாட்டான். வீராணத்துக்குத் தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வருகிறது. குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை அங்கே ஆடியில் வந்து சேரும். பெண்ணை அப்படி இல்லை. அது பெருகுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு பெண்ணை ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் மாதம் எது என்று சொல்ல வேண்டாம். ஆடியில் அது பெரும்பாலும் மணல். குதிரை நடந்தே கடந்திருக்கும்.

இந்த வழி சோழர் காலத்துக்கும் பழையது. சிறுபாணாற்றுப்படை என்று பத்துப்பாட்டில் ஒரு நூல். நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஆற்றுப்படை என்றாலே வழி சொல்லி அனுப்புவதுதான். வறுமையில் இருக்கும் பாணனுக்கு ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போகும் வழி அதில் இருக்கிறது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர்கள் வரிசையாக வரும். எயிற்பட்டினம் மரக்காணம் என்கிறார்கள் அறிஞர்கள். கிடங்கில் இன்றும் அதே பெயரோடு திண்டிவனத்தை ஒட்டி இருக்கிறது. எந்த ஊரில் யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்பது வரை அந்தப் பாட்டு சொல்லும். வந்தியத்தேவனுக்கு வழியில் பசித்திருந்தால் தகவல் அவனுக்கு முன்னாலேயே தயாராக இருந்தது :-)

அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. கதை எந்த வருஷம் நடக்கிறது?

கல்கியே சொல்லிவிடுகிறார். 1950இல் எழுதும்போது 982 ஆண்டுகள் பின்னால் போகலாம் என்று வாசகரைக் கூப்பிடுகிறார். கழித்தால் 968. ஆயிரம் வருஷம் என்று மொத்தமாகச் சொல்லாமல் 982 என்று எப்படி எழுத முடிந்தது? சோழ ராஜாக்கள் சக ஆண்டோ கலி ஆண்டோ போட்டுக் கல்வெட்டு வெட்டுவது அபூர்வம். எனக்கு ஆட்சி ஆண்டு இத்தனை என்றுதான் போடுவார்கள். எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தார் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முதல் எழுத்து தெரியாத கணக்குப் புத்தகம் மாதிரி. ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாமல் பேலன்ஸ் ஷீட் போட முடியுமா?

அந்த ஓப்பனிங் பேலன்ஸைக் கொடுத்த கல்வெட்டுகளில் முக்கியமான ஒன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் பெயரே கிராமம். திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணைக் கரையில் உள்ள சிவன் கோயில். முதலாம் பராந்தகனின் 36ஆம் ஆட்சி ஆண்டு என்று எழுதியதோடு நிற்காமல், கலியுகம் 4044 என்றும், கலி பிறந்து 14,77,037 நாள் ஆயிற்று என்றும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாளையே எண்ணிச் சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? கணக்குப் போட்டால் கி.பி. 943 ஜனவரி 14 வருகிறது. அதிலிருந்து பராந்தகன் 907இல் பட்டத்துக்கு வந்தான் என்று தெரிகிறது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு முன்னால் வந்தால் தக்கோலப் போர், சுந்தர சோழன், உத்தம சோழன், 985இல் பட்டமேறிய ராஜராஜன் என்று ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் உட்கார வைக்கலாம். குந்தவைக்கு வயது என்ன, அருள்மொழிக்கு வயது என்ன என்று சண்டை போடுகிற அத்தனை பேரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கல்லின் மேல் நின்றுகொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

இந்தக் கோயிலைக் கற்றளியாகக் கட்டியவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளன் குமரன். மலைநாட்டுக்காரன், அதாவது கேரளம். பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தனுக்குப் படைத்தலைவன். வடக்கே ராஷ்டிரகூடர்கள் எப்போது வருவார்களோ என்று ராஜாதித்தன் தன் படையோடு திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூர் பக்கம், வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தான். அப்படிச் சும்மா இருந்த வீரர்கள் வெட்டியதுதான் வீராணம் ஏரி என்று கல்கி முதல் அத்தியாயத்தில் எழுதுகிறார். 949இல் தக்கோலத்தில் போர் வந்தது. ராஜாதித்தன் யானை மேலேயே செத்தான்.

வெள்ளன் குமரன் அந்தப் போரில் இல்லை. திருவொற்றியூரில் ஒரு கல்வெட்டு, சதுரானன பண்டிதர் என்ற துறவியைப் பற்றிப் பேசுகிறது. கேரளத்தில் பிறந்தவர், ராஜாதித்தனின் நண்பர், அவனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்று நொந்து துறவியானவர். இவரும் கிராமத்தில் கோயில் கட்டிய வெள்ளன் குமரனும் ஒருவரே என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. நண்பனுக்காகக் காத்திருந்த வருஷங்களில் ஆற்றங்கரையில் கோயில் கட்டிவிட்டு, அவனுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் பக்கத்தில் இல்லாமல் போன ஆள். ஒரு முழு நாவலுக்கான ஆள். பழுவேட்டரையரின் 64 விழுப்புண்ணை மனப்பாடமாகச் சொல்பவர்களில் இவரைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

கொலைக் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அதை ஏற்கெனவே எல்லோரும் அலசிவிட்டார்கள். காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடி கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர் அதில் வருகிறது. நிறைய பேர் இதை ஏதோ தீர்ப்பு நகல் மாதிரி நினைக்கிறார்கள். அது நிலக் கணக்கு. துரோகிகளிடமும் அவர்கள் உறவினரிடமும் பறிமுதல் செய்த நிலம் கைமாறிய விவரம்தான் அதில் இருக்கிறது. கொலை எப்படி நடந்தது, யார் தூண்டியது என்று ஒரு வரி கிடையாது. அந்த மௌனத்தில்தான் கல்கி கடம்பூர் மாளிகையைக் கட்டினார். அதே பட்டியலில் மலையனூரான் என்றும் ஒரு பெயர் உண்டு. மேல்மலையனூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பது சாட்சி ஆகாது.

அந்தக் காலத்து ஆட்கள் ஒரு நாளைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. உண்மையில் ஒரு கதை உலகத்தைச் சோதிக்க இதுதான் நல்ல கேள்வி. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிற எண்ணாயிரம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. கதைக்கு ஒரு தலைமுறை பின்னால், ராஜேந்திர சோழன் காலத்தில், அங்கே ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளைய மாணவர்கள் 270 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தவர்கள் 70 பேருக்குத் தலைக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. கூட்டினால் 2,320 நாழி. 96 நாழி ஒரு கலம் என்று வகுத்தால், மாணவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 24 கலத்துக்கு மேல் நெல் அளக்க வேண்டும். சீனியருக்கு ஜூனியரை விட அதிகம் என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள், தகராறு வராமல்.

கடைசியாக மலையமான் வீட்டுப் பெண். கதையில் அவர் அதிகம் பேசுவதில்லை. வானவன் மாதேவி. திருக்கோவலூர் மலையமானின் மகள், சுந்தர சோழரின் ராணி, கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் அம்மா. நோயில் கிடக்கும் ராஜாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைத்தான் வாசகர்கள் பார்க்கிறார்கள். அவர் என்ன ஆனார் என்று நந்தினிக்குக் கேட்ட அளவு யாரும் கேட்பதில்லை.

பதில் அவருடைய அப்பா ஊரிலேயே இருக்கிறது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்ட திருக்கோவலூரில், பெண்ணைக் கரையில், கீழூர் வீரட்டானேசுவரர் கோயில். அங்கே ராஜராஜனின் 27ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது சுமார் 1012இல், ஒரு பாட்டையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் இறங்கிய செய்தியும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. ஆற்றுக்கு நடுவில் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. ராஜராஜனைப் பெற்றவர் கணவரோடு தீயில் இறங்கினார் என்றும், பால்குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு இறங்கினார் என்றும் அந்தப் பாட்டு சொல்கிறது. அவர் உடன்கட்டை ஏறியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் சொல்கிறது.

இங்கேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. சுந்தர சோழர் காஞ்சியில் பொன்மாளிகையில் இறந்தபோது கரிகாலன் ஏற்கெனவே போய்விட்டான். குந்தவையும் அருள்மொழியும் வளர்ந்தவர்கள். அப்படியானால் பால்குடிக்கும் குழந்தை யார்? பாட்டு எழுதியவர் சோகத்தைக் கூட்டுவதற்காகச் சேர்த்தாரா? கல்வெட்டில் பெயர் வராத நான்காவது பிள்ளை ஒன்று இருந்ததா? எழுபது வருஷமாக நந்தினிக்கு அப்பா யார் என்று தேடுகிற வாசகர்கள் இந்தக் குழந்தையையும் கொஞ்சம் தேடலாம். நந்தினி கல்கி செய்த பாத்திரம். இந்தக் குழந்தை கல்லில் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய பிறகு குந்தவை அங்கே பல செப்புத் திருமேனிகளை வைத்தார். அவற்றில் ஒன்று பொன்மாளிகைத் துஞ்சின தேவர், அப்பா. இன்னொன்று அம்மா வானவன் மாதேவி. அந்தக் கல்வெட்டுகளில் குந்தவையின் கணவர் பெயரும் வருகிறது: வல்லவரையர் வந்தியத்தேவர்.