உப்பைக் கணக்கில் சேர்க்காத திட்டம்: நொய்யல் ஆறும் அரசின் கழிவுநீர்த் திட்டமிடலும்

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றைய திருப்பூர், கரூர் மாவட்டங்களில் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவது நோக்கம். சில ஆண்டுகளிலேயே, யாருக்காக அணை கட்டப்பட்டதோ அந்த விவசாயிகளே அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று போராடத் தொடங்கினர். தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. அது மண்ணில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. மதகைத் திறந்துவிட்டால் கீழ்ப்பகுதி வயல்களையும் கெடுத்தது.

அணையைத் திட்டமிட்டது பொதுப்பணித் துறை. பட்டறைகளுக்கு இசைவாணை தந்தது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பின்னலாடை ஏற்றுமதியை ஊக்குவித்தவை தொழில், ஜவுளித் துறைகள். ஒரே ஆற்றின் மீது இத்தனை திட்டங்கள் நடந்தும், அந்த ஆறு எவ்வளவு கழிவைத் தாங்கும் என்ற கணக்கின் மீது இவற்றுள் எதுவும் எழுப்பப்படவில்லை என்பதை விளைவே காட்டுகிறது. கழிவுநீரைக் கையாளும் அரசுத் திட்டங்களின் அடிப்படைக் குறை இதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவை கட்டப்போகும் நிலையத்திலிருந்து தொடங்குகின்றன. தண்ணீர் போய்ச் சேரும் ஆற்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

நொய்யலைக் கெடுத்தது எது என்று கேட்டால் பலரும் சாயத்தின் நிறத்தைச் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது நிறம். நிலத்தைக் கொன்றது உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க, சாயத் தொட்டியில் சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட்டை ஏராளமாகக் கரைக்க வேண்டும். நிறம் அடர்த்தியாக ஆக, உப்பும் கூடும். சாயத்தை நூலிழையை நோக்கித் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிகிறது. அது துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு கிட்டத்தட்ட அத்தனையும் அலசும் நீரோடு வெளியேறுகிறது.

1990-களில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் சேர்த்துக் கசடைப் படியவைப்பது அவற்றின் முறை. நிறம் பெருமளவு போகும், நாற்றம் குறையும். கரைந்த உப்பு மட்டும் அப்படியே இருக்கும். நிலையம் முறையாக இயங்கிய நாளிலும் வெளியே வந்த நீர் பயிருக்கு ஆகாத உப்புநீர்தான். ஆக, இதை ஊழியர்களின் அலட்சியம் என்றோ பட்டறைக்காரர்களின் மீறல் என்றோ மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. எந்தப் பொருளை நீக்க வேண்டும் என்று முடிவு செய்யும் முதல் படியிலேயே திட்டம் தவறியது.

இரண்டாவது தவறு அளவுகோலில் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இது செறிவின் அளவு. ஒரு நாளில் மொத்தம் எத்தனை டன் உப்பு ஆற்றுக்குள் இறங்குகிறது என்பதை அது சொல்வதில்லை. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். கழிவை நீர்த்துப்போகச் செய்ய அதில் நீரோட்டமே இல்லை. நூற்றுக்கணக்கான பட்டறைகள் தனித்தனியே விதியை மதித்திருந்தாலும், கோடை மாதங்களில் ஆறு முழுவதும் கழிவாகவே ஓடியிருக்கும்.

திட்டமிட வேண்டியவர்கள் விட்ட இடத்தை நீதிமன்றம் நிரப்பியது. வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையைப் பட்டறைகள் குறித்த காலத்துக்குள் எட்ட வேண்டும் என்றது; அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அபராதத்தையும் விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஊரின் தொழிலே நிலைகுலைந்தது.

அதன் பிறகுதான் உப்பு உண்மையில் திட்டத்துக்குள் வந்தது. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சவ்வூடு வடிகட்டலில் நல்ல நீரைப் பிரித்து மீண்டும் பட்டறைக்கே அனுப்புவது, எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்குவது என்று நிலையங்கள் மாற்றியமைக்கப்பட்டன. திருப்பூர் அருகே அருள்புரத்தில் இன்னும் எளிதான ஒரு வழி நிறுவிக் காட்டப்பட்டது. உப்புக் கரைசலைத் தூய்மைப்படுத்தி, அதையே சாயத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். வெளியே எறிந்த உப்பு உள்ளேயே சுற்றத் தொடங்கியது. புது உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. கழிவில் என்ன இருக்கிறது என்று சரியாகக் கேட்டதால் கிடைத்த விடை இது. மீட்க முடியாத கலப்பு உப்பும் கசடும் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்னும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. அவற்றுக்கு நிரந்தரத் தீர்வு கண்டாக வேண்டும்.

இந்தச் செலவைத் திருப்பூர் தாங்குமா, சொட்டுக் கழிவும் கூடாது என்ற நிபந்தனை இல்லாத ஊர்களோடு எப்படிப் போட்டியிடும் என்று தொழில்துறையினர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் 2011-க்கு முன்பும் அந்தச் செலவு இருந்தது. கிணறு கெட்டவரும் தென்னை காய்ந்தவரும் மாடு விற்றவரும் அதைச் சுமந்தார்கள். போட்டியைச் சமன் செய்ய நிபந்தனையை எல்லா ஊர்களுக்கும் பொதுவாக்குவதே முறை. திருப்பூரில் அதைத் தளர்த்துவது பழைய சுமையைப் பழைய தோள்களிலேயே ஏற்றிவிடும்.

நிலையம் கட்டுவதையே திட்டமாகக் கருதும் குறை நொய்யலோடு நிற்கவில்லை. இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு சுமார் 7,236 கோடி லிட்டர் வீட்டுக் கழிவுநீர் உருவாவதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-21-ல் கணக்கிட்டது. நிறுவப்பட்டிருந்த சுத்திகரிப்புத் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ 2,023 கோடி லிட்டர்தான். நிலையம் போதாமை ஒரு பக்கம் இருக்க, கட்டிய நிலையங்களிலேயே நாளொன்றுக்கு ஆயிரம் கோடி லிட்டருக்கு மேல் திறன் வீணானது. 1986-ல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டமும் இதில்தான் இடறியது: கட்டப் பணம் வந்தது, மோட்டார் ஓட்ட மின்கட்டணத்துக்கு நகராட்சிகளிடம் பணம் இல்லை. ‘நமாமி கங்கே’ திட்டம் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குக் கட்டுமானச் செலவில் 40 விழுக்காடு கட்டும்போது தரப்படும். மீதி 60 விழுக்காடு, நிலையம் எப்படி இயங்குகிறது என்பதைப் பொறுத்து 15 ஆண்டுகளில் தவணையாக வரும்.

சென்னை வேறொரு வழியைக் காட்டுகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் இயங்கத் தொடங்கிய நிலையங்கள், நகரின் சாக்கடை நீரை நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் அளவுக்கு மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. வாங்குபவர் தரம் குறைந்தால் கேள்வி கேட்பார். ஆற்றுக்கு அப்படிக் கேட்க நாதியில்லை. அந்த இடத்தில்தான் அரசு நிற்க வேண்டும்.

எனவே, நொய்யல் போன்ற ஒவ்வொரு ஆற்றுக்கும் மாதந்தோறும் ஓடும் நீரின் அளவு, அது தாங்கக்கூடிய மொத்த உப்பு, இப்போது இறங்கும் உப்பு ஆகிய மூன்றையும் நீர்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து கணக்கிட்டு, கடைமடை ஊராட்சிகளின் அறிவிப்புப் பலகையில் தமிழில் வெளியிட வேண்டும். புதிய பட்டறைக்கான இசைவாணையும் புதிய நிலையத்துக்கான நிதியும் அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே வழங்கப்பட வேண்டும்.