திறந்து பார்க்க முடிந்த வண்டி

வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் ஏறத்தாழ 10 கி.மீ.; பாகூரிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. நிலத்தை நம்பிப் பிழைத்தவர்களைப் போலவே, காலையில் வெளியூர் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்பியவர்களுக்கும் புதுச்சேரியின் இந்த இரு கொம்யூன்களிலும் நீண்ட வரலாறு உண்டு. 1879-இல் வந்த விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை வில்லியனூரைத் தொட்டுச் சென்றது. பாகூர்ப் பக்கம் ரயிலே வரவில்லை. நகரத்தின் சவானா, ரோடியர் நெசவாலைகளின் காலத்தில் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் நடந்தும் சைக்கிளிலும்தான் வந்து சேர்ந்தார்கள். பிறகு மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டைகள் என்று வேலை பல திசைகளுக்குச் சிதறியபோது, சைக்கிளின் இடத்தை மொபெட்டும் ஸ்கூட்டரும் பிடித்தன. இந்த மாற்றத்துக்குக் காரணமாகக் கம்பெனிகளையும் தவணைக் கடனையும் சொல்வது வழக்கம். அவற்றுக்கு நிகரான பங்கு சாலையோர மெக்கானிக்குக்கும் உண்டு. ஊரிலேயே திறந்து, பழுது பார்த்து, அன்று மாலைக்குள் ஓட்டிப் போக முடிந்ததால்தான் ஸ்கூட்டர் கிராமத்தின் வண்டியானது.

அந்தச் சாத்தியம் வண்டியின் பிறப்பிலேயே இருந்தது. 1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. செயினில் துணி சிக்குவதும், எண்ணெய்க் கறை படிவதும், பங்க்சரானால் சக்கரத்தைக் கழற்றப் படும் பாடும் அவர் ஒழிக்க நினைத்த தொல்லைகள். அதனால் எஞ்சினைத் தகட்டுக்குள் மூடினார். செயினை விட்டுவிட்டு எஞ்சினைப் பின்சக்கரத்தோடு நேரடியாக இணைத்தார். விமானச் சக்கரத்தைப் போல முன்சக்கரத்தை ஒரே பக்கத் தாங்கியில் மாட்டினார். ஓட்டுபவரின் உடையைக் காக்க வந்த அந்தப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பிளக், கார்பரேட்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்ட ஒரு ஸ்பானர் போதும்.

பியாஜியோ உரிமத்தின் கீழ் வெஸ்பாவைத் தயாரித்துவந்த பஜாஜ், 1972-இல் சேத்தக் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. உற்பத்திக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்த காலம் அது; முன்பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். புது வண்டி கிடைக்காத நாட்டில் பழைய வண்டி சாகக் கூடாது; பழுதுத் தொழில் இங்கே வேர்பிடித்ததற்கு இந்தத் தட்டுப்பாடு முக்கியக் காரணம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு கலந்த ஆயில் கொஞ்சம் கூடினால் சைலன்சரில் கரி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி நெருப்பில் வாட்டி, தட்டிக் கரியை உதிர்ப்பார்கள். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைப்பது, அறுந்த கியர் வயரை மாற்றுவது, தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறைக்கு அனுப்பிப் போர் எடுத்து அடுத்த அளவு பிஸ்டன் போடுவது எல்லாம் பள்ளிப் படிப்பை முடிக்காத பையன்களும் இரண்டு மூன்று ஆண்டில் கற்றுக்கொண்ட வேலைகள். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-உம் அதே கைகளுக்குத்தான் வேலை கொடுத்தது.

அடுத்து கியர் இல்லாத ஸ்கூட்டர் வந்தது. 1980களின் நடுவில் கைனடிக் ஹோண்டாவும் 2000களின் தொடக்கத்தில் ஆக்டிவாவும் பெல்ட்டையும் ரோலரையும் பெரிய மூடிக்குள் வைத்தன. வேலை மாறியது, கை மாறவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் அதிகமாக மழை பெய்தது; அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதிக்குள் புகுந்தது. மழையைத் தடுக்க வந்த மூடி, வெள்ளத்தில் மூழ்கினால் தண்ணீரை உள்ளேயே தேக்கும். மூழ்கிய ஸ்கூட்டரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காமல் கனெக்டிங் ராடையே வளைத்துவிடலாம். பிளக்கைக் கழற்றிக் கிக்கரை மிதித்து நீரை வெளியேற்ற வேண்டும். பால்போல வெளுத்த ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்ற வேண்டும். பெல்ட் மூடியைத் திறந்து துடைத்து உலர்த்த வேண்டும். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க வண்டிகள் நின்றுபோனால் நகரத்து சர்வீஸ் சென்டரால் ஈடுகொடுக்க முடியாது.

சாலையோர மெக்கானிக்குக்காக வாதாடுவது பழைமை மீதுள்ள பாசம் என்று சிலர் மறுக்கலாம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலில் ஒரு பகுதியை எரிக்காமலே வெளியே தள்ளியது உண்மை. அந்தப் புகை திரும்பி வர வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்ததும் நல்லதற்கே. பழுது குறைந்துவிட்டதே என்பார்கள். குறைந்தது; ஒழியவில்லை. சென்சார் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும், அதன் குறியீட்டுக்குப் பொருள் தெரிய வேண்டும். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைப் பழகாத கை தொட்டால் ஆபத்து என்ற வாதத்துக்கு வலு அதிகம். ஆபத்துள்ள வேலைக்குப் பயிற்சியும் சான்றிதழும் கேட்பது நியாயம். பழுதுபார்க்கும் விவரத்தையே கம்பெனிகள் மறைப்பது நியாயமாகாது. கரியைச் சுரண்டியவர்கள் பெல்ட்டைக் கற்றார்கள். பெல்ட்டைக் கற்றவர்களுக்கு மின்சுற்று எட்டாது என்று சொல்ல வரலாற்றில் ஆதாரமில்லை.

சட்டமும் இந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தராததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் உண்டு. ஆனால் கார்காரருக்கு வண்டி நின்றால் ஒரு நாள் சிரமம். கிருமாம்பாக்கத்தில் ஷிப்டுக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. எனவே ஸ்கூட்டர் கம்பெனிகள் கோளாறுக் குறியீடுகளையும் சர்வீஸ் கையேட்டையும் தமிழில் வெளியிட வேண்டும். உதிரிபாகங்களை எந்தக் கடைக்கும் விற்க வேண்டும். புதுச்சேரி அரசு கொம்யூன் தோறும் மெக்கானிக்குகளுக்கு மாலை நேரப் பயிற்சி தந்து சான்றிதழ் வழங்க வேண்டும். அரை நூற்றாண்டாக இந்தக் கிராமங்களை வேலைக்குக் கொண்டுசேர்த்த தொழிலுக்கு இதைச் செய்வது சலுகையாகாது. அது பட்ட கடன்.