கர்லாக்கட்டையும் இளம் மட்டையாளரும்

அடி பருத்துக் கைப்பிடி சிறுத்த மரக்கருவி கர்லாக்கட்டை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினர் வழியே இதைச் சுழற்றும் பயிற்சி ஐரோப்பா சென்றது. 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டைச் சுழற்றல் போட்டியாகவே நடந்தது. இளம் மட்டையாளருக்கும் இது உதவும். பேஸ்பாலோ கிரிக்கெட்டோ, அடியின் வேகம் புஜத்தில் பிறப்பதில்லை. கால் தரையை உந்தும் விசை இடுப்பு திரும்பித் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஏறுகிறது. கட்டையை முதுகுப்பக்கம் இறக்கிச் சுற்றி முன்னே கொண்டுவருகையில் பிடியும் தோளும் இடுப்பும் ஒருசேர உழைக்கின்றன. ஆகவே சிற்றூர்ச் சிறுவர்களுக்கு விலையுயர்ந்த இயந்திரங்கள் அவசியமில்லை.

கட்டை சுழற்றுவதும் ஒருவகை எடைப்பயிற்சிதான். எடைப்பயிற்சி சிறுவர்களின் வளர்த்தியைத் தடுக்கும் என்ற அச்சம் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. தக்க மேற்பார்வையில் அது பாதுகாப்பானதென அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2020இல் அறிவித்தது. கட்டை கால்வலுவைத் தராதே என்பது நியாயமான மறுப்பு. அதற்குப் பஸ்கி எனும் உட்கார்ந்தெழும் பயிற்சி வேண்டும். சுழற்சி தடுமாறி முழங்கை விலகினால், இலேசான கட்டைக்கே திரும்ப வேண்டும்.