பிக் ரிவர்: ஒரு கன்ட்ரி பாடகர் பிராட்வேக்குப் போன கதை

1965, 66 என்று இரண்டே வருடங்களில் 11 கிராமி விருதுகளை அள்ளிய கன்ட்ரி பாடகர் ரோஜர் மில்லர். 80களின் தொடக்கத்தில் அவருக்குப் புதுப் பாட்டு வருவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. மேடை நாடகத்துக்கு அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. அவரிடம்தான் போய் நின்றார் ராக்கோ லாண்டஸ்மன். யேலில் நாடகம் படித்துவிட்டு முதலீட்டு நிதி நடத்தியவர் (விநோதமான சேர்க்கைதான்!). மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின்னுக்குப் பாட்டு வேண்டும் என்றார்.

குடிகார அப்பனிடமிருந்து தப்பி, அடிமை ஜிம்மோடு மிசிசிப்பியில் தெப்பத்தில் போகும் பையன் ஹக். ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதா, கூடாதா? அந்த இடத்தில்தான் அவன் பெரியவனாகிறான். மில்லரும் ஒரு வயதில் அப்பாவை இழந்து, ஓக்லஹோமாவில் உறவினர் வீட்டில் பருத்தி பறித்து வளர்ந்தவர். இந்தப் பையனை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்திருக்காது.

1984இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் முதலில் மேடையேறியது. பாட்டுகள் போதவில்லை. அதே வருடம் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் இன்னும் சேர்த்தார்கள். 1985 ஏப்ரல் 25, பிராட்வே. 7 டோனி விருதுகள், 1005 காட்சிகள்.

அப்பனாக நடித்த ஜான் குட்மன் விலகியதும் அந்த வேஷத்தைக் கொஞ்ச நாள் கட்டியவர் யார் தெரியுமா? மில்லரேதான்.