நெய்வேலித் தொழிலாளர் ஓய்வும் வருமான வரி விலக்கு வரம்பும் (2002–2023)

முன்னுரை

வரிச் சட்டம் எல்லார்க்கும் பொதுவாயினும், அதன் சுமை தொழிலாளரின் வயதைப் பொறுத்து வேறுபடுகிறது. ஓய்வுகாலத் தொகைகளுக்கான வருமான வரி விலக்கு இதற்குத் தக்க சான்றாகும். அவ்விலக்கின் வரலாற்றைக் கடலூர் மாவட்டம் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நிறுவனத் தொழிலாளர் தலைமுறையோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

பணியமர்வும் ஓய்வும்

இந்நிறுவனம் 1956இல் தொடங்கப்பெற்றது. 1980களில் இரண்டாம் சுரங்கமும் இரண்டாம் அனல்மின் நிலையமும் உருவாயின. சுரங்கத் தொழிலில் ஆளெடுப்பு ஆண்டுதோறும் சீராக நிகழ்வதன்று. விரிவாக்கந்தோறும் அலையாக நிகழ்வது. எனவே ஓய்வும் அலையாகவே வருகிறது. 1980களில் 25 வயதில் பணியேற்றவர், 2015க்கும் 2024க்கும் இடையில் 60 வயதை எட்டினார்.

தேங்கிய வரம்பு

ஈட்டிய விடுப்பைப் பணமாக்கிப் பெறும் ஓய்வுகாலத் தொகைக்கு, மைய, மாநில அரசு ஊழியர் முழு வரிவிலக்குப் பெறுவர். பொதுத்துறை நிறுவன ஊழியர்க்கு இச்சலுகை இல்லை. அவர்க்கு உச்சவரம்பு உண்டு. 2002இல் அது 3 லட்சம் ரூபாயாக வரையறுக்கப்பட்டது. அக்காலத்தில் அரசுப் பணியின் மிக உயர்ந்த அடிப்படை ஊதியம் மாதம் 30,000 ரூபாய். பத்து மாத ஊதியமே வரம்பாயிற்று. 2016இல் அவ்வூதியம் 2,50,000 ரூபாயாக உயர்ந்தும் வரம்பு அசையவில்லை. 2023 ஏப்ரல் 1 முதலே அது 25 லட்சமாக உயர்த்தப்பட்டது.

மாதம் 1,20,000 ரூபாய் ஊதியம் பெற்ற ஒருவர், பத்து மாத ஊதியத்துக்கு ஈடாக 12 லட்சம் பெற்றார் எனக் கொள்வோம். 2023 மார்ச் இறுதியில் ஓய்வு பெற்றிருப்பின் 9 லட்சம் வரிக்குரிய வருமானமாகும். ஏப்ரல் இறுதியில் ஓய்வு பெற்றிருப்பின் வரிக்குரியது எதுவுமில்லை.

பணிக்கொடையிலும் இத்தகைய இடைவெளி நேர்ந்தது. மையப் பொதுத்துறை அலுவலர்க்கான பணிக்கொடை உச்சவரம்பு 2017 ஜனவரி 1 முதல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாயிற்று. வரிவிலக்கு வரம்போ 2018 மார்ச் 29 முதல் ஓய்வு பெற்றோர்க்கே 20 லட்சமாயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ பதினைந்து மாதங்களில் ஓய்வுற்றோர், 10 லட்சத்தை விஞ்சிய தொகைக்கு வரி செலுத்த வேண்டியவராயினர்.

முடிவுரை

இளையோர் மிகுந்த நிறுவனத்தில் வரம்பு இருபத்தோராண்டு தேங்கினும் அதன் விளைவு உடனே புலப்படாது. ஓய்வு அலை எழுந்த நெய்வேலி போன்ற தொழில் நகரியத்தில் அது ஒரு தலைமுறையின் சேமிப்பையே தொடுகிறது. நகரியக் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி போன்ற ஊர்களில் வீடு கட்ட முனையும் குடும்பத்துக்கு இத்தொகையே முதல். வரம்பை உயர்த்தியது நன்றே. ஆயினும் முன்னரே ஓய்வுற்றோரை அவ்வுயர்வு எட்டவில்லை. ஊதியத் திருத்தந்தோறும் விலக்கு வரம்பும் தானே உயருமாறு சட்டம் அமையுமாயின், பிறந்த ஆண்டே ஒருவரது வரியைத் தீர்மானிக்கும் நிலை நீங்கும்.