சாலையில் பிறந்த இசை – 14: மேடைக்கு அவசரப்படாத இருவர்

1988 செப்டம்பர் 21. முதல் சிங்கிள், முதல் ஆல்பம் இரண்டையும் ஒரே நாளில் வெளியிட்டது பீஸ் என்ற புது ஜப்பானியக் குழு. குழு என்றாலும் ஆட்கள் இருவர்தான்: கிதார் கலைஞர் டாக் மட்சுமோட்டோ, பாடகர் கோஷி இனாபா. டிரம்ஸுக்குக் கூட ஆளில்லை, அதைக் கணினி பார்த்துக்கொண்டது. விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இந்த நிலையில் இருக்கும் எந்தக் குழுவும் கிடைத்த மேடையில் ஏறிவிடும். இவர்கள் ஏறவில்லை. மட்சுமோட்டோ அதற்கு முன்பே டிஎம் நெட்வொர்க் குழுவுக்குப் பின்னால் நின்று பெரிய மேடைகளில் வாசித்தவர்; ஒரு முழுக் கச்சேரிக்கு எத்தனை பாட்டு தேவை என்பது அவருக்குத் தெரியும். கையிருப்பில் பாட்டு சேரட்டும் என்று காத்திருந்தார்கள். 1989 மே மாதம் இரண்டாவது ஆல்பம் வந்தது. ஜூனில் நகோயா, ஒசாகா, டோக்கியோ என மூன்றே ஊர்களில் முதல் பயணம். அதற்கு ‘லைவ்-ஜிம்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை அவர்களின் சுற்றுப்பயணங்களுக்கு அதே பெயர்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவர்களை வளர்த்த பீயிங் நிறுவனம், பாடகர்களை மக்கள் கண்ணில் காட்டாமலே பாட்டை விற்பதில் கைதேர்ந்தது. அதே நிறுவனத்தின் ஸார்ட் குழு 1991-ல் அறிமுகமாகி லட்சக்கணக்கில் சிடி விற்றும், நாடு தழுவிய பயணம் கிளம்பியது 2004-ல்தான். பீஸ் மட்டும் ஊர் ஊராக அலைந்தது. புது ஆல்பத்தோடு ஒரு பயணம். ரசிகர்களுக்குப் பிடித்த பழைய பாட்டுகளுக்காக ‘பிளஷர்’ என்ற பெயரில் இன்னொரு பயணம். சிடி விற்பனை சரிந்த பிறகும் இவர்களுக்கு அரங்கு நிறைந்தது இந்த அலைச்சலால்தான் என்பது என் கணிப்பு.

அதன் உச்சம் 1993. இன்றைய ஹமாமட்சு நகரில், ஹமானா ஏரியோரத்து நாகிசாயென் திடலில் ஜூலை 31, ஆகஸ்ட் 1 ஆகிய இரு நாட்களும் திறந்தவெளிக் கச்சேரி. நாளுக்கு 50,000 பேர் வீதம் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள்.

ஒகயாமா மாநிலத்து மலைகளுக்கு நடுவே உள்ள சுயாமா, இனாபா பிறந்த ஊர். அதன் மக்கள்தொகையும் ஏறக்குறைய ஒரு லட்சம்தான். 2017 ஜூலை 22 அன்று அங்குள்ள கலாசார மையத்தில் பீஸ் பாடியது. இருக்கைகள் சுமார் ஆயிரம். டிக்கெட் கிடைக்காதவர்களும் ரயிலேறி வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

2007-ல் ஹாலிவுட் ராக்வாக்கில் கைத்தடம் பதித்த முதல் ஆசியக் கலைஞர்களும் இவர்களே. ஆனாலும் அமெரிக்காவில் இவர்கள் பாடியவை பெரும்பாலும் சிறிய அரங்குகள். ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)