குடிமக்களும் சட்டவாக்கமும்

சட்டம் என்பது அரசர்க்கும் அறிஞர்க்குமே உரிய ஆக்கம் எனும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. திருகோணமலையின் வரலாறும் அதற்குச் சான்று பகர்வது போலவே தோன்றும். குளக்கோட்டன் குடிகளை இருத்திக் கோயிற் தொழும்புகளை வகுத்தான் எனக் கோணேசர் கல்வெட்டுக் கூறும். பின்னர், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் தத்தம் கட்டளைகளைக் கப்பலிலே கொண்டுவந்தனர். கோட்டையிற் கொடி மாறியபோது ஆணையும் மாறிற்று. கரைவலை இழுத்தவனின் கருத்தை எவரும் கேட்டிலர். எனின், புதுச் சட்டமொன்றுக்கு வித்திடுதல் குடிமகனால் இயலாததா?

இவ்வினாவுக்கு விடை காண 1927ஆம் ஆண்டை நோக்குதல் தகும். அக்காலத்தில் இலங்கையின் சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்தும் கல்வியும் உடைய ஆடவர் சிலர்க்கே இருந்தது. அவ்வாண்டு பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அக்னஸ் டி சில்வா முதலானோர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே என அவர் விடையிறுத்தமை ஈண்டு நினைவுகூரற்பாலது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களோ சர்வசன வாக்குரிமையை எதிர்த்தனர். பெண்களுக்கு முப்பது வயதென்று ஆணைக்குழு விதந்துரைத்தது. முடிவில் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதெனச் சட்டமாயிற்று. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலிலே அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. பதவி எதுவுமின்றி, கோரிக்கையையும் நியாயத்தையும் மட்டுமே கொண்டு சென்றோர் அடைந்த வெற்றி இது.

இன்றைய நிலை யாது? சுவிற்சர்லாந்திலே நூறாயிரம் வாக்காளர் பதினெட்டு மாதங்களுள் ஒப்பமிட்டால், அரசியலமைப்புத் திருத்தமொன்று மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்படும். நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இறைமை மக்களிடத்தே உள்ளது என்கிறது; எனினும் சட்டமூலத்தைத் தாமே முன்வைக்கும் வழியை மக்களுக்கு அளிக்கவில்லை. குடிமகன் வரைவொன்றை எழுதலாம். அதனைத் தனியார் உறுப்பினர் சட்டமூலமாகச் சமர்ப்பிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் இசைதல் வேண்டும். பாராளுமன்றத்துக்கு விடுக்கும் மனுவும் உறுப்பினர் ஒருவர் வாயிலாகவே செல்லும்.

ஆயினும் வரைவது வீணன்று. 1998ஆம் ஆண்டின் கொழும்புப் பிரகடனத்திலே பத்திரிகைத் துறையினர் கோரிய தகவல் அறியும் உரிமை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமாயிற்று. இடையே கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். பொறுமையும் இப்பணியின் ஒரு கூறு எனலாம்.

விழிப்பும் அத்தகையதே. தோட்ட மக்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாற் குடியுரிமையையும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்கையும் இழந்தனர். அன்று 'அவர்களும் பெண்களே' எனக் கேட்டுப் பெற்றது பதினெட்டே ஆண்டுகளிற் பறிபோயிற்று. இன்று சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணாயின் எக்குடிமகனும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அது சட்டமாகிய பின்னர் அவ்வழி அடைபடும். ஆதலின் வர்த்தமானியை வாசித்தலும், மீனவர்க்கும் துறைமுகத் தொழிலாளர்க்கும் அதன் பொருளை அவர்தம் மொழியில் உரைத்தலும் கற்றோராகிய நம் கடனாகும். வாசிக்கப் பழகிய குடிகளே நாளை வரையவும் துணிவர்.